அனுமதியின்றி வெளியேறிய வாயு

1984ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்கு, புதுச்சேரி பொதுப்பொருள் பயன்பாட்டுக் கண்காணிப்பு இயக்ககத்தின் இயக்குநர் திரு. இராமதாஸ் அவர்களுக்கு வியர்த்தது.

ஏப்ரல் மாதத்தில் நம் ஊரில் வியர்ப்பது ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எனக்கும் வியர்க்கிறது, உங்களுக்கும் வியர்க்கிறது. அதையெல்லாம் யாரும் தேதி போட்டு எழுதி வைப்பதில்லை. ஆனால் இயக்குநர் அவர்களுக்கு வியர்த்தது அவருடைய ஏ.சி. காருக்குள். அதனால் அது கோப்பில் ஏறிவிட்டது.

இந்த இயக்ககத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மற்ற அலுவலகங்களுக்கு அரசு கொடுத்த மேசை, நாற்காலி, மின்விசிறி முதலியவற்றை அவர்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா என்று போய்ப் பார்ப்பது இதன் வேலை. தொடர்ந்து முப்பது நாள் பயன்படாமல் கிடக்கும் பொருள் ‘உபரி’ என்று அறிவிக்கப்படும். உபரி என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு அலுவலகத்தில் யாரும் மணி பார்ப்பதாகத் தெரியவில்லை என்று சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். இன்னொரு அலுவலகத்தில் புகார்ப் பெட்டியை. அப்படி எடுத்து வந்ததையெல்லாம் தங்கள் கிடங்கில் ஒருவரும் தொடாதபடி பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள்.

இயக்குநரின் கார் வெள்ளை அம்பாசடர். டெல்லியிலிருந்து ஒரு பெரிய விருந்தாளி வருவதாக இருந்தபோது அதில் ஏ.சி. பொருத்தினார்கள். விருந்தாளி வரவில்லை. ஏ.சி. தங்கிவிட்டது.

அன்று காலை மூலக்குளத்தில் உள்ள வீட்டிலிருந்து கிளம்பி, நெல்லித்தோப்பு தாண்டும்போது இயக்குநர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மாவாசை, ஏ.சி. போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன் சார்” என்றார் டிரைவர் அம்மாவாசை. “காத்து வருது. சூடா வருது.”

“சூடா வந்தா அதுக்குப் பேரு ஏ.சி.யா?”

“அத நான் எப்பிடி சார் சொல்றது? சுவிட்சுல ஏ.சி.ன்னுதான் எழுதியிருக்கு.”

அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் அம்மாவாசை குருசுக்குப்பத்துக்கு ஆள் அனுப்பி தனிஸ்லாஸை வரவழைத்தார்.

தனிஸ்லாஸ் முன்பு மீனுக்கு ஐஸ் போடும் பேக்டரியில் கம்ப்ரஸர் ஓட்டியவர். பேக்டரியை மூடியபிறகு, பழைய லாம்பிரட்டா ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி, பின்சீட்டில் கேஸ் சிலிண்டரை சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் கார் ஏ.சி.க்கு கேஸ் அடிக்கும் தொழிலைத் தொடங்கினார். ஊரில் அப்போது ஏ.சி. உள்ள கார்கள் மொத்தம் பதினொன்று. அவற்றின் சொந்தக்காரர்கள் யாரும் மெட்ராஸுக்கு ஓட வேண்டியதில்லை. சொல்லி அனுப்பினால் போதும், சிவப்பு ஹோஸ், நீல ஹோஸ் இரண்டையும் டாக்டர் மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். பொய் சொல்லத் தெரியாதவர். கேஸ் நிறைய இருந்தால், “இருக்குதுங்க, எதுக்கு வீணா அடிக்கணும்?” என்று திரும்பிப் போய்விடுவார். இதனால் அவருக்கு ஊரில் நல்ல பெயரும் வீட்டில் கெட்ட பெயரும் இருந்தன.

அவர் பானட்டைத் தூக்கி, சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தார். ஒரு நட்டில் சின்னக் குமிழி வந்தது.

“கேஸ் போயிடுச்சி சார். இந்த நட்டுலதான் கசிவு. முறுக்கி விட்டுட்டு டாப்-அப் பண்ணா அரை மணி நேரத்துல ஜில்லுன்னு ஆயிடும்.”

“பண்ணு” என்றார் இயக்குநர்.

தனிஸ்லாஸ் நட்டை முறுக்கினார். ஹோஸை மாட்டினார். சிலிண்டரைத் திறக்கக் கையை வைத்தபோது, “நிறுத்து!” என்று ஒரு குரல் வந்தது.

கிடங்குக் காப்பாளர் கலியபெருமாள். இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு குண்டூசி குறைந்ததாக அவர் மேல் புகார் கிடையாது. அரசாங்க வண்டிக்குள் எது போவதாக இருந்தாலும் அவருடைய பேரேட்டின் வழியாகத்தான் போக வேண்டும்.

“பழைய கேஸ் எங்க?” என்றார்.

“எந்தப் பழைய கேஸ் சார்?”

“போன வருஷம் நீயே வந்து போட்டியே, அது. பழைய டயரு குடுத்தாதான் புது டயரு. பழைய பேட்டரி குடுத்தாதான் புது பேட்டரி. துடைப்பம்கூட பழைய கட்டைய குடுத்தாதான் புதுசு. பழைய கேஸ இங்க வை, அப்பறம் புதுசு அடி.”

“அது காத்தோட போயிடுச்சே சார்.”

“யாரு உத்தரவுல போச்சி?”

தனிஸ்லாஸ் அம்மாவாசையைப் பார்த்தார். அம்மாவாசை வண்டியின் டயரைப் பார்த்தார்.

“அதுவாத்தான் சார் போச்சி. யாரும் அனுப்பல.”

“எத்தினி மணிக்கு?”

“ஒரே நாள்ல போவாது சார். ஒரு வருஷமா கொஞ்சங் கொஞ்சமா போயிருக்கும்.”

“ஓகோ. ஒரு வருஷமா அரசாங்கச் சொத்து கொஞ்சங் கொஞ்சமா வெளிய போய்க்கினு இருக்கு. ஒருத்தனும் பாக்கல.”

“கேஸு கண்ணுக்குத் தெரியாது சார்.”

“கண்ணுக்குத் தெரியாத பொருளை நான் எப்பிடி ஸ்டாக்குல ஏத்தினேன்?” என்று கேட்டார் கலியபெருமாள். கேட்டபிறகு அவருக்கே அது நல்ல கேள்வியாகப் பட்டது. பேரேட்டைப் புரட்டிப் பார்த்தார். “ஏத்தியிருக்கேன். அப்ப தெரிஞ்சிருக்கு. இப்ப தெரியலைன்னா அது மேல விசாரணை போடணும்.”

விசாரணை என்றால் ஆதாரம் வேண்டும். காணாமல் போன வாயு எங்காவது அகப்பட்டால் அது நம்முடையதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி வேண்டும். ஆகவே தனிஸ்லாஸின் சிலிண்டர் ‘மாதிரிப் பொருள்’ என்று சீட்டு ஒட்டப்பட்டு, கிடங்கில் சுவர்க்கடிகாரத்துக்கும் புகார்ப் பெட்டிக்கும் நடுவில் வைத்துப் பூட்டப்பட்டது.

“சார், சார், இது ஒண்ணுதான் சார் இருக்குது. இனிமே அடுத்த வருஷந்தான் மெட்ராஸுலேர்ந்து வரும். இப்பதான் சார் சீசனு.”

“அதனாலதான் ரசீது தர்றேன்” என்றார் கலியபெருமாள், ஏதோ மருந்து தருகிறவர் போல.

தனிஸ்லாஸ் வெறும் ஹோஸ்களைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி பெர்னதெத் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சிலிண்டர குடுத்துட்டு இந்தத் துண்டுக் காகிதத்தை வாங்கிக்கினு வந்தியா? இத ஸ்கூட்டர்ல கட்டிக்கினு போய் எந்தக் காருக்கு அடிக்கப் போற?”

தனிஸ்லாஸ் ஹோஸ்களைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

இதற்கிடையே இயக்குநருக்கு ஒரு சங்கடம் வந்தது. ஏ.சி. வேலை செய்யவில்லை என்றால் அது பயன்பாட்டில் இல்லை. முப்பது நாள் பயன்பாட்டில் இல்லை என்றால் உபரி. அவருடைய இயக்ககத்தின் விதி, அவரே கையெழுத்துப் போட்டது. மாடியில் இருந்த இன்னொரு இயக்ககத்தின் இயக்குநர் ஏற்கெனவே இரண்டு முறை கீழே வந்து, அம்பாசடரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நம்ம வண்டியிலயும் இது பொருந்தும் இல்ல?” என்று அம்மாவாசையைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

“சார், ஏ.சி. ஓடுதா இல்லையாங்கிறது வேற, பயன்படுத்துறமா இல்லையாங்கிறது வேற” என்று கலியபெருமாள் வழி சொன்னார். “சுவிட்சு போட்டிருக்கணும். நாலு கண்ணாடியும் மேல ஏத்தியிருக்கணும். அப்ப அது பயன்பாட்டுல இருக்குன்னு அர்த்தம்.”

அப்படியே உத்தரவு பிறந்தது. அன்றுமுதல் இயக்குநர் நாலு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு, சுடுகாற்று முகத்தில் அடிக்க, மூலக்குளத்துக்கும் கடற்கரைக்கும் போய்வந்தார். அம்மாவாசை தினமும் லாக் புத்தகத்தில் ‘ஏ.சி. பயன்படுத்தப்பட்டது: ஆம்’ என்று எழுதினார். வியர்வை விழுந்து மை கலைந்துவிடுவதால் காருக்கு வெளியே நின்று எழுதினார்.

கோப்பும் கிளம்பியது. கோப்புகளைத் தமிழில் எழுத வேண்டும் என்று அந்த வருடம் கண்டிப்பான சுற்றறிக்கை வந்திருந்தது. ‘கேஸ்’ தமிழ் இல்லை. கலியபெருமாள் அகராதி பார்த்து ‘வாயு’ என்று எழுதினார். ‘பொருள்’ என்ற இடத்தில் ஒரே ஒரு வரிதான் இடம் இருந்தது. ‘காரின்’ என்ற சொல்லுக்கு இடம் போதவில்லை. ஆகவே தலைமைச் செயலகத்துக்குப் போன கோப்பின் தலைப்பு இது:

‘பொருள்: இயக்குநர் அவர்களின் வாயு அனுமதியின்றி வெளியேறியது – தடுப்பு நடவடிக்கை கோருதல்.’

செயலகத்தில் பிரிவு எழுத்தர் இதை அனுதாபத்தோடு படித்தார். மேலதிகாரிக்கு அனுப்பினார். அவர் ‘பார்த்தேன்’ என்று எழுதினார். அவருக்கு மேலே இருந்தவர் ‘வருந்துகிறேன்’ என்று எழுதினார். அதற்கும் மேலே இருந்தவர் ‘இந்த வயதில் இயல்பே, எனினும் மருத்துவக் கருத்துப் பெறவும்’ என்று எழுதினார். கோப்பு மருத்துவத்துறைக்குப் போயிற்று.

கோப்பு ஊர்வலம் போய்க்கொண்டிருந்த மே மாதத்தில்தான் ஊருக்குள் ஒரு மாறுதல் ஏற்பட்டது.

கடற்கரைச் சாலையில் சாயங்காலம் காற்று வாங்க வருகிறவர்கள், தினமும் ஐந்தரை மணிக்கு ஒரு வெள்ளை அம்பாசடர் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். உள்ளே ஒரு பெரிய மனிதர், முகமெல்லாம் எண்ணெய் தேய்த்த சிலை மாதிரி பளபளக்க, சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஏ.சி. கார்ல போனா அப்பிடித்தான் மின்னுமாம்” என்றார் ஒருவர்.

“உள்ள ஜில்லுன்னு இருக்குமா? அதான் மனுஷன் மேல பனித்துளி விழுந்திருக்கு” என்றார் இன்னொருவர்.

ஒரு வாரம் கழித்து ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் கார் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டது. அடுத்து ஒரு வக்கீலின் கார். ஜூன் மாதத்தில் கார் வைத்திருந்த எல்லோரும் ஏற்றிக்கொண்டார்கள். ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை கண்ணாடி ஏற்றிய காருக்குள் மயங்கி விழுந்தார். மயங்குகிற அளவுக்கு வசதியான இடம் என்று பெண் வீட்டார் பெருமைப்பட்டார்கள்.

வியர்வை சொட்டச் சொட்டக் காரிலிருந்து இறங்குவது மரியாதை என்று ஆயிற்று. உலர்ந்த முகத்தோடு இறங்கியவர்களை, பாவம், நடந்து வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

சொல்தா லூர்துநாதனுக்கும் ஆசை வந்தது. சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் அவரை மரியாதையாக ‘முசியே’ என்றுதான் அழைப்பார்கள். அவரிடம் ஒரு பழைய பியட் கார் இருந்தது. அவர் தனிஸ்லாஸுக்குச் சொல்லி அனுப்பினார்.

தனிஸ்லாஸ் வந்து பானட்டுக்குள் பார்த்தார். டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“முசியே, இந்த வண்டியில ஏ.சி.யே இல்லீங்களே.”

“இல்லேன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்காரனுக்குத் தெரியுமா?” என்றார் லூர்துநாதன். “ஏ.சி.ன்னா கேஸ் அடிக்க ஆள் வரணும். என் வாசலுக்கு இதுவரைக்கும் ஒருத்தன் வரல. ஜனங்க சந்தேகப்படுறாங்க. நீ சிலிண்டரோட வா. பானட்டைத் தூக்கிவிட்டுட்டு அரை மணி நேரம் நில்லு. உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருமே, அது தெரு முனை வரைக்கும் கேக்கணும்.”

“பொய்யிங்களே அது.”

“நீ எதுவும் சொல்லப் போறதில்லையே. சும்மா நிக்கறதுல என்ன பொய்?”

“சிலிண்டரும் ஆபீசுல மாட்டிக்கினு இருக்குது முசியே.”

தனிஸ்லாஸ் வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பெர்னதெத் சிரிக்கவில்லை. பின்கட்டில் அவள் துணி துவைக்கும்போது உட்காருகிற பழைய காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தினாள்.

“இதுக்கு வெள்ளி பெயின்ட் அடி.”

“இதுல ஒண்ணுமே இல்லியே பெர்னதெத்து.”

“அவரு காருலயும்தான் ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமில்லாததுக்கு ஒண்ணுமில்லாதத அடிக்கப் போற. இதுல யாருக்கு இன்னா நஷ்டம்?”

அந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க தனிஸ்லாஸ் ஒரு இரவு முழுவதும் முயன்றார். காலையில் பெயின்ட் அடித்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு ஒன்றால் சிலிண்டரில் காற்று ஏற்றிக்கொண்டு போனார். லூர்துநாதன் வாசலில் வால்வைத் திறந்தபோது உஸ்ஸென்ற சத்தம் தெரு முனையையும் தாண்டிப் போயிற்று. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். லூர்துநாதன் மனைவி ஸ்டெல்லாமேரி மேலே சால்வை போர்த்திக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்து, நடுங்கிக் காட்டினாள்.

“மெர்சி தனிஸ்லாஸ்” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார் லூர்துநாதன், கண் கலங்கி.

அதன்பிறகு தனிஸ்லாஸுக்கு ஓய்வே இல்லை. பதினொரு ஏ.சி. காருக்கு கேஸ் அடித்தபோது மாதத்துக்கு நாலு பேர் கூப்பிட்டார்கள். இல்லாத ஏ.சி.க்கு அடிக்கத் தொடங்கியதும் ஒரு நாளைக்கு நாலு பேர் கூப்பிட்டார்கள். இருக்கிற ஏ.சி.க்கு கேஸ் தீர்ந்தால்தானே அடிக்க வேண்டும்? இல்லாத ஏ.சி.க்கு எதிர்வீட்டுக்காரர் பார்க்கும்போதெல்லாம் அடிக்க வேண்டியிருந்தது. கார் இல்லாத ஒருவரும் கூப்பிட்டார். அவருடைய வெறும் ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு அடித்துவிட்டு வந்தார் தனிஸ்லாஸ்.

ஜூலை மாதக் கடைசியில் மருத்துவக் கருத்து வந்தது.

‘மேற்படி அதிகாரி உருளைக்கிழங்கு, வாழைக்காய், மொச்சை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பூண்டும் பெருங்காயமும் சேர்த்துக்கொள்ளலாம். வெளியேற்றத்தைத் தடுக்க முயல்வது உடல்நலத்துக்கு உகந்ததல்ல.’

நகல் ஒன்று வீட்டு விலாசத்துக்கும் போனது. இயக்குநரின் மனைவி செல்வாம்பாள் அன்றிலிருந்து அதன்படியே சமைத்தார். இயக்குநர் காரில் வெந்தார், வீட்டில் பூண்டு சாப்பிட்டார்.

தனிஸ்லாஸ் மனதில் மட்டும் உறுத்தல் இருந்தது. வெள்ளி பெயின்ட் அடித்த காலிச் சிலிண்டரை முன்னால் வைத்துக்கொண்டு, “நம்ம சிலிண்டரு வந்துட்டா பழையபடி உண்மையான வேலைய பாக்கலாம்” என்றார்.

“வரணும்னா பழைய கேஸ குடு” என்றாள் பெர்னதெத்.

“அதான் இல்லியே.”

“லூர்துநாதன் வீட்டுல எதை அடிச்ச? அதையே கொண்டுபோய் குடு.”

ஆகஸ்ட் மூன்றாம் தேதி தனிஸ்லாஸ் காலிச் சிலிண்டரைக் கலியபெருமாள் முன்னால் கொண்டுபோய் வைத்தார்.

“பழைய கேஸுங்க சார்.”

கலியபெருமாள் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். “லேசா இருக்கே.”

இதற்கும் பெர்னதெத் பதில் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். “ஒரு வருஷம் ஓடியிருக்குதுங்களே சார். தேஞ்சிருக்கும்.”

கலியபெருமாள் முகம் மலர்ந்தது. “தேயணும். பழைய டயரு தேஞ்சிதான் வருது. பழைய துடைப்பம் தேஞ்சிதான் வருது. தேயாம வந்திருந்தா நான் ஏத்துக்கினே இருக்க மாட்டேன்.”

பேரேட்டைத் திறந்தார். ‘பழைய வாயு, தேய்ந்தது – ஒன்று – வரவு.’ அடுத்த வரியில் ‘மாதிரிப் பொருள் – ஒன்று – விடுவிப்பு’ என்று எழுதினார். இருபது நிமிடத்தில் தனிஸ்லாஸ் தன்னுடைய சிலிண்டரை வாங்கி, இயக்குநரின் காருக்கு உண்மையான கேஸை முழு அளவும் அடித்தார். மீட்டர் முள் சரியான இடத்தில் வந்து நின்றது. அம்மாவாசை ஏ.சி.யின் முன்னால் முகத்தை வைத்து, நாலு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கலாம். அரசாங்கத்தில் ஒரு வேலை முடிந்துவிட்டது என்று நானும் சந்தோஷமாகப் பேனாவை மூடியிருப்பேன். ஆனால் மறுநாள் சாயங்காலம் இயக்குநர் ஒரு பாராட்டு விழாவுக்குப் போனார். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. கார் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு இயக்குநர் இறங்கினார். முகம் உலர்ந்திருந்தது. சட்டையில் மடிப்புக் கலையவில்லை.

மாலையோடு காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாவம்” என்று ஒருவர் முணுமுணுத்தார். “ஏ.சி. கெட்டுப்போச்சி போல. ஒரு சொட்டு வேர்வை இல்ல பாரு.”

அதே நேரத்தில் லூர்துநாதன் தன் பியட்டிலிருந்து இறங்கினார். குளத்திலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி இருந்தார். மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டார்கள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. மாடியில் இருந்த இயக்குநர் எழுத்துமூலமாகவே கேட்டுவிட்டார்: ‘தங்கள் காரின் குளிர்சாதனம் இயங்கவில்லை என்று பொதுமக்கள் கண்கூடாகக் கண்டு தெரிவிக்கிறார்கள். ஆகவே அது உபரியாகிறது. எங்கள் இயக்ககத்துக்கு அனுப்பி உதவவும்.’

இயக்குநர் தனிஸ்லாஸை அழைத்தார். அறைக்கதவைச் சாத்தினார்.

“அந்த கேஸை எடுத்துடு.”

“சார், நல்லா ஓடுதுங்களே சார். ஜில்லுன்னு இருக்குதுங்களே.”

“ஓடுறதுதான்யா பிரச்சினை. நாலு மாசம் ஓடாம இருந்திச்சி, ஊரே கும்பிட்டுது. எட்டு நாளா ஓடுது, என் கீழ வேலை செய்யிறவன்கூட அனுதாபமா பாக்குறான். நேத்து அந்தச் சொல்தா என்கிட்ட வந்து, ‘என் வண்டியில லிஃப்ட் தர்றேன், கொஞ்சம் ஜில்லுன்னு போவலாம்’னு சொல்றாரு.”

“உள்ள உக்காந்து பாத்தா தெரியும் இல்லிங்களா சார், எது நெசம்னு?”

“உள்ள உக்காந்திருக்கிறது நானும் அம்மாவாசையும்தான். வெளிய ஊரே இருக்கு.”

இயக்குநர் பின்தொடர, தனிஸ்லாஸ் கேரேஜுக்குப் போனார். வால்வின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். ஐஸ் பேக்டரியில் சேர்ந்த நாளிலிருந்து இருபது வருடமாகக் கசிவை அடைப்பதுதான் அவர் வேலை. திறந்துவிட்டு வேடிக்கை பார்த்ததில்லை. “சீக்கிரம்” என்றார் இயக்குநர். தனிஸ்லாஸ் திறந்தார். உஸ்ஸென்று போயிற்று. இயக்குநர் காருக்குள் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் கழித்து நெற்றியில் முதல் சொட்டு உருண்டு மூக்கு நுனியில் நின்றது. இயக்குநர் அதைத் துடைக்கவில்லை.

“இப்பதான்யா ஓடுது” என்றார்.

அன்று மாலையே தனிஸ்லாஸிடம் ஒரு சான்றிதழ் எழுதி வாங்கிக்கொண்டார்கள்: ‘இயக்குநர் அவர்களின் குளிர்சாதனம் செவ்வனே இயங்குகிறது. சோதித்தவர்: தனிஸ்லாஸ்.’ அவர் போட்ட முதல் பொய்க் கையெழுத்து அது. பதிலுக்கு அவருக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், அரசு அங்கீகாரம் பெற்ற குளிர்சாதன நிபுணர் என்று. பெர்னதெத் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். அதற்குப் பிறகு வந்த கூட்டத்தில், உண்மையான ஏ.சி. வைத்திருந்த மற்ற பத்துப் பேரும் இருந்தார்கள். கேஸை எடுத்துவிடச் சொல்லி வந்திருந்தார்கள்.

அடுத்த வருடம் கோடையில் தனிஸ்லாஸ் சொந்தமாக ஒரு பழைய ஹெரால்ட் கார் வாங்கினார். வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு அதில்தான் கிளம்பினார். மத்தியானம் மூன்று மணி. மூலக்குளம் தாண்டினால் தார் உருகி டயரில் ஒட்டுகிற வெயில். நாலு பக்கமும் கண்ணாடி ஏற்றியிருந்தது. பின்னால் இரண்டு பெண் பிள்ளைகள் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். முன்சீட்டில் பெர்னதெத், புதுப் பட்டுப்புடவையின் சாயம் கழுத்தில் இறங்க உட்கார்ந்திருந்தாள்.

“இன்னாங்க” என்றாள். அரசு அங்கீகாரம் வந்ததிலிருந்து அவரை மரியாதையாகத்தான் அழைத்தாள். “மூச்சு முட்டுது. கொஞ்சம் எறக்கிக்கட்டுமா?”

“வேணாம்.”

“நம்ம வண்டியில ஏ.சி. இல்லேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்பறம்?”

தனிஸ்லாஸ் கண்ணுக்குள் இறங்கிய வியர்வையைச் சிமிட்டித் தள்ளினார்.

“கைய எடு” என்றார். “ஜனங்க பாக்குறாங்க.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் நாங்கள் அறுபது பேர் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் திருவிழாவுக்குப் போனோம். நாங்களும் எல்லா ஷட்டரையும் இறக்கி மூடிக்கொண்டிருந்ததால், இடுக்கு வழியாகத்தான் பார்க்க முடிந்தது.